பாளையங்கோட்டையில் இரண்டு ஏசிகள்: சர்வீஸுக்குச் செலவழித்ததில் கிடைத்தது என்ன?

எங்கள் வீட்டில் இரண்டு ஸ்பிளிட் ஏசிகள் ஓடுகின்றன. கீழே அம்மாவின் அறையில் 2016-இல் வாங்கியது. ஒன்றரை டன், இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றும் வசதி) இல்லாத பழைய வகை, குளிரூட்டும் வாயு ஆர்22 கேஸ். மாடியில் 2019-இல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர், ஆர்32 கேஸ். இரண்டிலும் கம்ப்ரசர் வாங்கியபோது இருந்ததேதான். வீடு பாளையங்கோட்டையை அடுத்து, பாளையங்கால்வாய் பாயும் வயல்களை ஒட்டிய மனையில் இருக்கிறது. எந்த பிராண்டு என்று எழுதவில்லை. இத்தனை வருஷம் இவை ஓடியதில் பிராண்டைவிடப் பராமரிப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

ஏசி செய்யும் வேலை இதுதான்: அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. உள்ளே இருக்கும் காயிலில் கேஸ் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளிக் காயிலுக்குத் தள்ளுகிறது, அங்கே ஃபேன் காற்றில் அந்தச் சூடு கழிகிறது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைக்கும் ஹீட் பம்ப்பும் இதே இயந்திரம்தான். கேஸ் ஓடும் திசையை மாற்றிவிட ஒரு வால்வு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதனால் அங்கே அளந்து சொன்ன கணக்கு நமக்கும் ஓரளவு பொருந்தும். நன்றாகப் பராமரித்த ஹீட் பம்ப்புக்கும் கவனிக்காமல் விட்ட ஒன்றுக்கும் மின்செலவில் 10 முதல் 25 சதவீதம் வரை வித்தியாசம் வரும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அந்த ஊர் வீடுகளில் நம் அளவுக்குத் தூசி இருக்குமா என்று எனக்குத் தோன்றும்.

நம் தூசிக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடை. அறுப்பு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் சண்டும் பதரும் வீடு முழுக்கப் பறக்கும். அவுட்டோர் யூனிட்டின் காயிலில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே அது போய் அப்பிக்கொள்ளும். அதற்கு அடுத்த மாதமே வெயில் ஏறி, சித்திரை கடைசியில் அக்னி நட்சத்திரம். ஆனியிலும் ஆடியிலும் மலைப்பக்கமிருந்து மேல்காற்று. தென்காசி, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கிற அதே காற்று பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது காய்ந்த புழுதியாகத்தான் வருகிறது. பணகுடி, வள்ளியூர் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் அது மொட்டைமாடி மண்ணைக் கிளப்பும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. ஏசி ஓய்வில் இருக்கும், பல்லியும் எறும்பும் குளவியும் உள்ளே குடிவந்துவிடும்.

கம்பெனி அட்டையில் 'நான்கு மாதத்துக்கு ஒரு முறை' என்று போட்டிருப்பார்கள். நான் அந்தக் கணக்கை விட்டுவிட்டு இந்தப் பஞ்சாங்கத்துக்கு மாறினேன். பங்குனியில் அறுவடை முடிந்து தூசி அடங்கியதும் ஒரு முழு சர்வீஸ். அதாவது இன்டோரைப் பிரித்து, காயிலையும் காற்றைத் தள்ளும் புளோயரையும் தண்ணீர் அடித்துக் கழுவி, அவுட்டோர் மூடியைக் கழற்றி ஃபின்களைச் சுத்தம் செய்வது. ஆவணியில் காற்று குறைந்ததும் அவுட்டோருக்கு மட்டும் இன்னொரு முறை. மாசியில் சர்வீஸ் செய்த வருஷங்களில், அடுத்து வந்த அறுவடைத் தூசி அந்தக் கூலி முழுவதையும் தின்றுவிட்டது. வயலோரம் குடியிருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். டவுன் பகுதியில், நாலு பக்கமும் வீடு சூழ்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு ஆவணி சர்வீஸ் தேவைப்படாமலும் போகலாம்.

வித்தியாசம் எங்கே தெரிந்தது? கீழே உள்ள பழைய ஏசியில் வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தபோது, அவுட்டோரைக் கழுவும் முன் 8 ஆம்பியருக்கு மேல் இழுத்தது, கழுவிய பின் 7-க்கு அருகில் இறங்கி நின்றது. வெளிக் காயிலில் சூடு கழியாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும், அந்தத் திணறல்தான் மீட்டரில் தெரிகிறது. இன்வெர்ட்டரில் இதை அப்படி எளிதாகப் பிடிக்க முடியாது. அழுக்கு சேரச் சேர அது தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டு எப்படியாவது அறையைக் குளிர வைத்துவிடும். நமக்கு ஒன்றும் தெரியாது, பில்லில்தான் தெரியும். இன்வெர்ட்டர் வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கு இதை நான் அழுத்தமாகச் சொல்வேன்.

பில் என்று வரும்போது தமிழ்நாட்டில் 500 யூனிட் என்பது பெரிய எல்லைக்கோடு. இரண்டு மாதக் கணக்கு அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு நிற்காது. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். கோடைக் கணக்கு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வீடுகளில், அழுக்கு ஏசி விழுங்கும் கொஞ்ச யூனிட்டே பெரிய தொகையாக மாறும். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடுதான். ஏசியை 25-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழல விடுகிறோம். இதுவும் சர்வீஸும் சேர்ந்துதான் கணக்கைக் கோட்டுக்குள் வைக்கின்றன. ஒன்றை விட்டால் இன்னொன்று மட்டும் போதாது.

அடுத்தது கேஸ் விஷயம். இதில்தான் நம் ஊரில் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். 'கூலிங் இல்லை' என்று கூப்பிட்டால் வருகிறவர் முதலில் சொல்வது 'கேஸ் கம்மி' என்பதுதான். எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் வேறு மாதிரி. கீழ் ஏசியில் கூலிங் குறைந்தபோது அவர் சொன்னது: "அண்ணாச்சி, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீந்துபோவதுக்கு? கொறஞ்சிருக்குன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம். அதப் பாக்காம நிரப்புனா துட்டுதான் போவும்." சோப்பு நுரை தடவிப் பார்த்தார். பைப் சேரும் ஃபிளேர் நட்டில் குமிழ் வந்தது. மீதிக் கேஸை எடுத்துவிட்டு, பைப் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை இறுக்கி, வேக்யூம் போட்ட (பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த) பிறகுதான் கேஸை ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த ஏசிக்குக் கேஸ் போடவே இல்லை. வருஷா வருஷம் கேஸ் போடுகிறவர்கள் லீக்கை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி நேரம் லீக்கும் இருக்காது, காயிலில் அழுக்கு அடைத்ததாலேயே குளிர்ச்சி குறைந்திருக்கும். கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் கேஸைப் பற்றிப் பேசுவது நல்லது.

மாடி ஏசிக்கு ஒரு கம்பெனியின் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் கொஞ்ச காலம் போட்டிருந்தோம். கோடை தொடங்கும்போது கூப்பிட்டால் வரிசையில் நிற்க வேண்டும், ஐப்பசி மழையில் தாங்களாகவே வந்து நிற்பார்கள். வருகிறவர் ஃபில்டரைத் தட்டி, மேலே துணியால் துடைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவுட்டோர் மூடியைக் கழற்றியதே கிடையாது. ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே இப்போது உள்ளூர் மெக்கானிக்குக்குக் கொடுக்கிறோம், வேலை முழுதாக நடக்கிறது. சில பேர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசிட் கலந்த திரவத்தை ஃபின்களில் அடிப்பார்கள். அனுமதிக்காதீர்கள், மெல்லிய அலுமினியம் அரித்துப் போகும். தண்ணீரும் குறைந்த அழுத்தத்தில் அடித்தால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் ஃபின்கள் மடங்கிக் காற்றுப் பாதை அடைபடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் அவுட்டோரைக் கழுவினால் காய்ந்ததும் ஃபின் மேல் வெள்ளையாகப் படியும். தாமிரபரணி குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து அதில்தான் கழுவச் சொல்கிறேன். உவரி, கூடங்குளம் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கடல்காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர்கள் இடையிடையே நல்ல தண்ணீர் விட்டு அலசுவது காயிலின் ஆயுளைக் கூட்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரம் தாழ்வான தெருவில் இருந்த என் அத்தான் வீட்டு அவுட்டோர் யூனிட் தரையோடு முழுகிப்போனது. தண்ணீர் வடிந்ததும் போட்டுப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்து, மெயின் சுவிட்சை அணைத்து வைத்து, மெக்கானிக் வரும்வரை தொடவிடவில்லை. எலக்ட்ரானிக் போர்டும் ஃபேன் மோட்டாரும் மாற்ற வேண்டியிருந்தது, அடைத்து மூடிய கம்ப்ரசர் தப்பியது. இப்போது அந்த யூனிட்டைச் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து உயரத்தில் ஏற்றிவிட்டார்கள். தாமிரபரணிக் கரையில் தரைத்தளத்தில் ஏசி மாட்டுகிறவர்கள் முதலிலேயே உயரத்தில் வைத்துவிடலாம்.

வீட்டில் நாங்களே செய்வது கொஞ்சம்தான். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுவோம். டிரெயின் பைப்பில் தண்ணீர் சீராகச் சொட்டுகிறதா என்று அம்மா பார்த்துக்கொள்வார். கீழே வாளி வைத்துச் செடிக்கு ஊற்றுவதால் குறைந்தால் அவருக்கு உடனே தெரியும். உள்ளே தட்டில் வழவழப்பாகப் பாசி சேர்ந்து அடைத்தால்தான் சுவரில் தண்ணீர் ஒழுகும். மழைக்காலத்தில் பல நாள் போடாமல் கிடந்த ஏசியை மெக்கானிக் அவுட்டோரைத் திறந்து பார்க்கும் முன் ஓட்டுவதில்லை. பல்லி ஒன்று போர்டில் விழுந்து கருகியதற்கு ஒரு முறை ஆயிரக்கணக்கில் கொடுத்தாயிற்று. இப்போது வயர் நுழையும் துளைகளை அடைத்திருக்கிறோம்.

கீழ் ஏசியின் வெளிக் காயிலில் ஓரத்து ஃபின்கள் உதிரத் தொடங்கிவிட்டன. காயில் போனால் ஆர்22 யூனிட்டுக்கு இனிப் பெரிய செலவு செய்வதில் அர்த்தமில்லை, ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டராக மாற்றிவிடுவோம். மாட்டும்போது அவுட்டோரை வயல் பார்த்த மேற்குச் சுவரில் வைக்காமல், மேல்காற்றும் பின்மதிய வெயிலும் படாத கிழக்குச் சுவரில், மெக்கானிக் ஏணி போட்டு நின்று மூடியைக் கழற்றும்படி இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.