மெடிக்கலில் ‘ஆல் இன் ஒன்’ க்ரீம் என்று நீட்டினால் வாங்காதீர்கள்

படர்தாமரை என்று போய்க் கேட்டால் பல மெடிக்கல்களில் கை தானாக ஒரே வகை டியூபுக்குத்தான் போகிறது. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்த க்ரீம். எங்கள் வீட்டில் இரண்டு பேர் தோலை அது பாழாக்கியிருக்கிறது. கடையின் பெயரைப் போடவில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு வந்தது இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்களுக்குத் தெரியும், வேர்வை அங்கேதான் தேங்கும். ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து வட்டமாகப் பரவியது. கடையில் நாலு ஆண்கள் நிற்கும்போது எங்கே அரிக்கிறது என்று சத்தமாகவா சொல்ல முடியும், மெதுவாகச் சொன்னேன். கவுண்டரில் இருந்த தம்பி முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “இது ஆல் இன் ஒன்க்கா, எல்லாத்துக்கும் கேக்கும், ராத்திரி போட்டீங்கன்னா காலைல அரிப்பே இருக்காது” என்று சொல்லி காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். பில் கேட்டேன், சிஸ்டம் வேலை செய்யவில்லையாம். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் ஒரு பார்மசிஸ்டின் போட்டோ இருந்தது, அந்த மனிதரை இதுவரை அந்தக் கடையில் நான் கண்டதில்லை.

சொன்ன மாதிரியே ஒரே ராத்திரியில் அரிப்பு நின்றது. ஏமாற்றே அங்கேதான் இருக்கிறது. அந்த டியூபில் இருந்தது க்ளோபெட்டாசோல், தோலுக்குப் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான ரகம். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு நம் உடம்பு போடும் சண்டையால் வருவது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது, பூஞ்சையைத் தொடுவதில்லை. எதிர்ப்பு இல்லாத தோலில் அது நிம்மதியாகப் பரவும். க்ரீமை விட்டதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், பயந்துபோய் மறுபடி அதே டியூப், மறுபடி அதே கடை. அந்த வியாபாரமே இப்படித்தான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரருக்கும் தொடை இடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதே கடையில் அதே க்ரீம். தொடை இடுக்கு, அக்குள், முகம் இங்கெல்லாம் தோல் மருந்தை அதிகமாக உறிஞ்சும், இடுக்கில் தோலும் தோலும் ஒட்டிக் கிடப்பதால் இன்னும் அதிகம். அவருக்கு உள்தொடையில் சிவப்பும் ஊதாவுமாக வரி வரியாக விழுந்துவிட்டது, பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் விழுமே, அந்த மாதிரி. நிறம் மங்குமே தவிர வரி முழுசாக மறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டியபோது அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே “என்னம்மா க்ரீம் போட்டீங்க?” என்றுதான். எனக்கு அந்த வட்ட வடிவமே காணாமல் போய், அரை வயிற்றுக்குத் திட்டுத் திட்டாக இருந்தது. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை இப்படி அடையாளம் மாறிவிடுமாம், பார்க்கிறவர்கள் வேறு நோய் என்று நினைத்து இன்னும் ஸ்டீராய்டு எழுதிக் கொடுப்பதும் உண்டாம். மழுங்கிய பிளேடால் ஓரத்துச் செதிலைச் சுரண்டி கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை இருந்தது. அப்புறம் மாத்திரை, வெறும் பூஞ்சை க்ரீம், கையில் இருந்த டியூப் குப்பைத்தொட்டிக்கு. நிறுத்தியதும் கொஞ்ச நாள் எரிச்சலும் அரிப்பும் ஏறும், பயந்து திரும்பப் போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். ஏறத்தான் செய்தது.

கடையில் போய்க் கேட்டதற்கு, “எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க, நீங்க மட்டும்தான்க்கா சத்தம் போடறீங்க” என்று பதில். அந்த டியூபிலேயே சிவப்புக் கோடும், மருத்துவர் சீட்டில்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த மாதிரி க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018 மார்ச்சிலேயே அறிவித்தாகிவிட்டது. தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருடங்களாகக் கத்திக்கொண்டிருக்கிறது. கடையில் நடப்பது வேறு.

அதனால் டியூபை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபின், லூலிகோனசோல், இதில் ஏதாவது ஒன்று மட்டும் தனியாக இருந்தால் அது பூஞ்சை மருந்து. கூடவே க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று எதையாவது பார்த்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். க்ளோட்ரிமசோலும் க்ளோபெட்டாசோலும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும், கவனம். பெயர் நீளமாக, நாலைந்து மருந்து வரிசையாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். கூட்டில் சேர்க்கும் நியோமைசின் சிலருக்குத் தனியாக அலர்ஜி வேறு கொடுக்கும்.

சரி, வெறும் பூஞ்சை க்ரீம் என்றால் பயமே வேண்டாமா என்றால், பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. போட்டதும் லேசாக எரியலாம், தோல் கொஞ்சம் உலரலாம். கொப்புளம் வந்தாலோ, வீங்கி நீர் வடிந்தாலோ அது அலர்ஜி, உடனே கழுவி நிறுத்த வேண்டும், போகப் போகப் பழகிவிடும் என்று இருக்கக் கூடாது. வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டால் மைக்கோனசோல் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள், வாய்க்குள் தடவும் ஜெல்லில் இது இன்னும் முக்கியம், ரத்தக் கசிவு வரை போகும். பிறப்புறுப்புப் பகுதியில் போடும் க்ளோட்ரிமசோல் ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும், இதையும் எந்தக் கடையிலும் சொல்வதில்லை. கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. குழந்தைகளின் தலையில் வரும் படைக்கும் நகத்தில் வருவதற்கும் க்ரீம் மட்டும் பெரும்பாலும் போதாது, மாத்திரை தேவைப்படும்.

போடும் விதமும் எனக்கு மருத்துவமனையில்தான் தெரிந்தது. கழுவி நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு மெல்லிசாக, படை தெரியும் இடத்தோடு நிற்காமல் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் தாண்டித் தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பூஞ்சை இருக்கும். மேலே துணி வைத்து இறுக்கிக் கட்டக் கூடாது. க்ளோட்ரிமசோல் என்றால் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டிலிருந்து நாலு வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், தோல் தெளிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடரச் சொன்னார்கள். நாலு வாரத்தில் கேட்கவில்லையென்றால் க்ரீமை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள், இப்போது இந்தியாவில் பரவியிருக்கும் ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சையில் டெர்பினாஃபினுக்கே மசியாதவை நிறைய. 2023-இல் நியூயார்க்கில்கூட அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

துண்டு ஆளுக்கு ஒன்று, உள்ளாடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப் போடுவது, வீட்டில் வந்த எல்லோரும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்ப்பது, இது இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் நாடாவை விட்டு அகலமான எலாஸ்டிக் வைத்த பாவாடைக்கு மாறிவிட்டேன்.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பில் தராத கடை, சேவைக் குறை என்பதற்கெல்லாம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தால் வந்த பாதிப்பைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் தனியாக இருக்கிறது, டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நாமே கூப்பிடலாம். பேச ஆரம்பித்தால் மருந்தின் பெயரோடு பேட்ச் நம்பரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் டியூபின் அடி மடிப்பில் அழுத்தியிருக்கும், மருந்து தீரத் தீர நாம் சுருட்டிக்கொண்டே வருவது அந்த முனையைத்தான், அட்டைப்பெட்டியோ வாங்கின அன்றே குப்பைக்குப் போயிருக்கும், அதனால் எந்த க்ரீம் வாங்கினாலும் பிரிக்கும் முன்பே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.