ஜப்பான் றேசிங் சைக்கிள், நான்கு மாரிக்குப் பிறகு

நேற்றுப் பின் சில்லின் ரயரை மாற்றினேன். பழையதில் நூல் வெளியே தெரியத் தொடங்கி இரண்டு கிழமை ஆகிவிட்டது. மாற்றிக்கொண்டிருக்கும்போது எங்கள் வளாகத்து முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி பக்கத்தில் வந்து குந்தியிருந்து பார்த்தாள். கிளிநொச்சியில் இதே மாதிரி ஒரு பழைய ஜப்பான் றேசிங் சைக்கிள் விலைக்கு வந்திருக்கிறதாம். "அக்கா, நீங்கள் நாலு வருசமா ஓடுறீங்கள். வாங்கலாமோ?"

என் கையெல்லாம் கறுப்பு. நகக்கண்ணில் இரத்தம். ரயரின் கடைசி ஒரு சாண் றிம்முக்குள் இறங்க மாட்டேன் என்று நின்றது. "வாங்காதை" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடி எழும்பிப் போய்விட்டாள். நாலு வருடம் என்னைச் சுமந்த சைக்கிளுக்கு அந்த ஒற்றைச் சொல் நியாயமில்லை என்று இரவு முழுக்க மனம் உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன்.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் வாங்கியது. அந்த நேரம் துருப்பிடித்த சைக்கிளுக்கும் ஏறிய விலை. அப்பா 45 ஆயிரம் ரூபா கொடுத்தார். தங்கச்சி சொன்ன விலை அதில் பாதிக்குக் கிட்ட இருக்கிறது. இரும்புச் சட்டம், முன்னே 52 பல்லும் 42 பல்லும், பின்னே ஆறு பல்லுச்சக்கரம், கியர்த்தடி இரண்டும் சட்டத்தின் கீழ்க்குழாயில். இந்த வகையைப் பார்த்தவர்களுக்கு இவ்வளவும் போதும்.

முதலில் சட்டம். எத்தனை பள்ளத்தில் இறங்கியும் ஒரு கோணல் இல்லை. கியர்த்தடியில் 'டிக்' என்று நிற்கும் இடங்கள் கிடையாது. எவ்வளவு தள்ள வேண்டும் என்று கை பழக வேண்டும், அதற்கு எனக்கு ஒரு மாதம் எடுத்தது. பழகிய பிறகு கம்பி இழுபட்டாலும் சேறு புகுந்தாலும் கவலையில்லை, கை தானாகவே கொஞ்சம் கூடத் தள்ளிவிடும். புதுக் கியர் வைத்திருக்கும் தோழிகள் மாரி முழுக்கக் கம்பி முறுக்கிக்கொண்டிருப்பார்கள். நான் ஒருநாளும் திருகாணியைத் தொட்டதில்லை.

பாரம் 11 கிலோ. சர்வதேசப் போட்டிகளில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது, அந்த அளவுக்கு மற்றவர்கள் பாரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் வன்னியில் ஏற்றம் எங்கே இருக்கிறது? சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது உடம்பின் பெலனைத் தின்பது காற்றுத்தான். எதிர்க்கும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளல் நான்கு மடங்காகும். எனவே நாலு கிலோ கூடிய சைக்கிளில் குனிந்து ஓடுகிறவள், பாரமில்லாத சைக்கிளில் நிமிர்ந்து ஓடுகிறவளை விட்டுவிட்டுப் போவாள். இதை நான் ஓடிப் பார்த்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சைக்கிளோட்டங்கள் பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை போட்டி இல்லை, மழைதான். எனக்கு வருடத்தில் பிடித்த மூன்று மாதங்கள் அவை. அந்த நாட்களில் வேகம் வேண்டாம், நேரம்தான் வேண்டும். 42 பல்லும் பின்னே 21 பல்லும் போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று உழக்கினால் மணிக்கு 23, 24 கிலோமீற்றர். வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து விநாடிக்கு எண்ணி நாலால் பெருக்குவேன். இதயத்துடிப்பு அளக்கும் பட்டி எங்களிடம் இல்லை. அறைத்தோழி பக்கத்தில் ஓடியபடி பாடத்தில் கேள்வி கேட்பாள், நான் முழு வசனமாக விடை சொல்ல வேண்டும். வசனம் நடுவில் அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இப்படி மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போதுதான் தசைக்குள் நுண் இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகுகிறது. மாசியில் தொடங்கும் கடும் பயிற்சியைத் தாங்குவது இந்த அடித்தளம்தான். கட்டமைப்புப் பாடத்தில் பாதியை நான் ஏ9 வீதியில்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். வளாகம் இருக்கும் அறிவியல் நகரிலிருந்து விடியமுன் புறப்பட்டு, பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரம், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்பு. போய்த் திரும்ப நாலு மணித்தியாலம் பிடிக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் போகும்போது முகத்தில் அடிக்கும், களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் இதே பாதை எதிர்மாறு, அப்போது அந்தப் பக்கம் போகவே மாட்டோம். ஆனையிறவுப் பக்கம் போனால் மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லாத இடத்தில் பக்கக்காற்று சைக்கிளை நடுவீதிக்குத் தள்ளும். இருட்டில் ஏ9இல் படுத்திருக்கும் மாடுகள் வேறு. முன்விளக்கு நல்லதாக இல்லாவிட்டால் யாரும் புறப்பட வேண்டாம்.

றிம் இரும்பு, மேலே குரோமியப் பூச்சு. நனைந்தால் பிறேக் பிடிக்காது. சில்லு சில தரம் சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகுதான் பிடிக்கும். இது ஆபத்தான குறை, ஆனாலும் முன்கூட்டியே பிடிக்கப் பழகிக்கொண்டேன்.

பழக முடியாத ஒன்று இருக்கிறது. அது சில்லின் அளவு.

இந்தச் சைக்கிளின் சில்லு 27 அங்குலம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். எங்கள் ஊர்ப் பெரிய சைக்கிள்களுக்கு 28, பெண்பிள்ளைகளின் சைக்கிளுக்கு 26, புது றேசிங்குக்கு மில்லிமீற்றரில் 700. இதற்கு நடுவில் 27 என்று ஒன்று. அங்குலக் கணக்கை நம்பினால் கெட்டோம். ரயரின் பக்கத்தில் சிறிதாக இன்னோர் இலக்கம் இருக்கும், ரயர் றிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். 28 × 1½ என்றால் 635. 700 என்றால் 622. என்னுடையது 630. எட்டு மில்லிமீற்றர் சிறிய 700 ரயர் இந்த றிம்மில் ஏறவே ஏறாது. ஐந்து மில்லிமீற்றர் பெரிய 28 ரயர் ஏறும், ஆனால் நிற்காது. வாங்கிய அன்று இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் ரயர் கிழிந்தது 2023இல், போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது. கிளிநொச்சியில் கேட்டேன், இல்லை. வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன், இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவை நாலு கடை ஏறி இறங்க வைத்தேன், அங்கேயும் இல்லை. மூன்று மாதம் மழையில் நனைந்து போட்ட அடித்தளம் எல்லாம் கையில் இருக்க, தோழியின் லுமாலாச் சைக்கிளை இரவல் வாங்கி ஓடி ஐந்தாவதாக வந்தேன். முன்னால் போன நாலு பேரில் இரண்டு பேரைப் பயிற்சியில் நான் விட்டுவிட்டு ஓடியவள். அந்தக் கோபம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகு ஒரு கடைக்கார ஐயா 28 ரயரைப் போட்டுத் தந்தார். "போடலாம் பிள்ளை, ஒண்டும் செய்யாது. காத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சு அடியுங்கோ." அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, தன்னிடம் இருந்ததைத் தந்தார், கூலியும் வாங்கவில்லை. ஐந்து மில்லிமீற்றர் விட்டம் என்றால் சுற்றளவில் கிட்டத்தட்ட 16 மில்லிமீற்றர் தளர்வு. இரண்டாம் நாள் காலை, முறிகண்டிக்குக் கிட்ட, ரயர் றிம்மை விட்டு ஏறி ரியூப் வெளியே பிதுங்கி வெடித்தது. துவக்குச் சத்தம் போல. வீதியோரக் கிறவலில் முழங்கை உரசி விழுந்தேன். பின்னால் வந்த பஸ் எட்டத்திலேயே நின்றதால் இதை எழுத இருக்கிறேன். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் ஓடி வந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லித் தன் காசில் வாங்கித் தந்தார். உடைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரியூப்பில் காற்றடிக்கும் வாய் பழைய வால்கட்டை, உள்ளே வால்ரியூப் என்ற சின்ன றப்பர்க் குழாய். அதில் காற்றை அளக்கும் மானியை வைத்தால் சரியான அளவு காட்டாது. பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான் அளவு. ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு அளவு. ஒரே மாதிரிப் பயிற்சி செய்து முன்னேற்றத்தை ஒப்பிட நினைப்பவளுக்கு இது எவ்வளவு எரிச்சல் என்று சொல்லித் தீராது.

சில்லையே 700க்கு மாற்றலாமே என்பார்கள். பார்த்தேன். பிறேக் கட்டைகள் நாலு மில்லிமீற்றர் கீழே இறங்க வேண்டும், என் பிறேக்கின் துளையில் அதற்கு இடம் இருக்கிறது. பின் அச்சுக்குச் சட்டத்தில் உள்ள இடைவெளி 126 மில்லிமீற்றர், இப்போது வரும் சாதாரணப் பின்சில்லுக்கு 130 வேண்டும். இரும்புச் சட்டம் என்பதால் பதமாக விரிக்கலாம். எல்லாம் முடியும், காசுதான் முடியாது. இரண்டு சில்லின் விலைக்கு இன்னொரு பழைய சைக்கிளே வாங்கலாம்.

வழி கிடைத்தது விடுதிச் சமையலறையில். அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த, கூடை பூட்டிய சைக்கிளில் வருவார். ஒருநாள் அதற்குக் காற்றடித்துக் கொடுக்கும்போது ரயரின் பக்கத்தைப் பார்த்தேன். 27 × 1⅜. அதன் கீழே 37-630. நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அகலம் மட்டும்தான் கூட, உட்காரும் விட்டம் அதே 630. ஜப்பானில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சாதாரணச் சைக்கிளின் ரயர் அது. அங்கிருந்து வந்த பழைய சைக்கிள்களோடு எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக நான் றேசிங் ரயர் என்று கேட்டு அலைந்திருக்கிறேன். பழைய ஜப்பான் சைக்கிள் விற்கும் கடையில் கூடைச் சைக்கிள் ரயர் என்று கேட்டதும் கூரை வளையில் தொங்கியதை இறக்கித் தந்தார்கள்.

போட்டுப் பார்த்தேன். பிறேக்குக்குக் கீழே ஒரு நெருப்புக்குச்சி நுழையும் இடைவெளிதான். ஆனால் உரசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை நாங்கள் ஓடியது தார் வீதியில் மட்டும். அகலமான ரயர் போட்ட பிறகு இரணைமடுவின் வாய்க்கால் கரை வீதிகளில் இறங்கினோம். சிவப்புக் கிறவல், இரண்டு பக்கமும் காலபோக வயல், பஸ் இல்லை, லொறி இல்லை. ஒல்லி ரயரில் கை விறைத்துப் பல் கிட்டும் இடங்களில் இந்த ரயர் மெத்தை போல ஏறி இறங்கியது. காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அதிர்வில் வீணாகும் பெலன் குறைகிறது, கரடுமுரடான தரையில் வேகம் உண்மையில் கூடுகிறது. நெருஞ்சி முள் முன்னர் மாதம் இரண்டு மூன்று தரம் ஒட்டுப்போட வைக்கும், பிறகு முழு மாரிக்கும் ஒரே ஒரு தரம்தான். மழை விட்ட காலையில் வான்கதவு திறந்து தண்ணீர் இரைந்து பாயும் சத்தத்தைக் கேட்டபடி ஒரு மணித்தியாலம் ஒருவரோடும் கதைக்காமல் ஓடியிருக்கிறேன். அறைத்தோழிகூட அன்று கேள்வி கேட்கவில்லை.

மாசி பிறந்ததும் இந்த இன்பம் முடிந்துவிடும். அறுவடை நெல்லை வீதியின் ஒரு கரையில் காயப்போடுவார்கள், நாங்கள் மறுகரையில் வேகப் பயிற்சி தொடங்குவோம். அப்போது இதே ரயர் எனக்கு எதிரி. பழைய ஒல்லி ரயரையும் இதையும் லாப் தராசில் நிறுத்தேன், ஒன்றுக்கு 200 கிராமுக்கு மேல் வித்தியாசம். ஒரே வேகத்தில் போகும்போது அது தெரியாது. வளைவில் வேகம் குறைத்து மறுபடி எழும்பி உழக்கும்போது, முன்னால் இருப்பவள் இரண்டு சில்லு இடைவெளி எடுத்துவிடுவாள். அவள் முதுகின் மறைப்பு போய்விட்டால் முழுக் காற்றும் என் நெஞ்சில். கடந்த சித்திரையில் இரண்டாவது இடத்தைப் பறிகொடுத்தது அப்படி ஒரு வளைவில்தான். மூன்றாவதாக வந்தேன். எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அதன் முகத்தையே பார்க்கவில்லை.

தங்கச்சி, இதெல்லாம் வாசித்த பிறகும் நான் நேற்றுச் சொன்னதைத்தான் சொல்லுவேன். வாங்காதை. சட்டம் அருமை, கியர் அருமை, வாய்க்கால் கரையில் இதைப்போல ஒரு சைக்கிள் கிடையாது. ஆனாலும் போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது ரயர் தேடி பஸ் ஏறுவது என்னோடு முடியட்டும். கொஞ்சம் பொறுத்து, காசு சேர்த்து, 700 சில்லு உள்ளதாகப் பார். பாரம் கூடினால் பரவாயில்லை, கியர் குறைந்தால் பரவாயில்லை. கடைக்குப் போகும்போது விலையைக் கேட்கமுதல் குனிந்து ரயரின் பக்கத்தில் 622 என்று இருக்கிறதா பார்.

சரி, பார்த்துவிட்டு வந்தும் மனம் இதிலேயே நின்றால், ஓடிப் பார்க்கமுதல் காசு கொடுக்காதே, என்னையும் கூட்டிக்கொண்டு போ. கூடைச் சைக்கிள் ரயர் வாங்கிய அந்தக் கடையின் வளையில் 630 ரயர் இன்னும் இரண்டு தொங்குகிறது. நாளைக்கு ரவுணுக்குப் போகிறேன், ஒன்றை உனக்கென்று எடுத்துவைக்கச் சொல்லுகிறேன்.