பாத்தூர் எரிமலை நடை: உச்சியைவிட இறங்கும் வழி சிறந்தது

பாலித் தீவின் பாத்தூர் எரிமலைக்கு வழிகாட்டியுடன் சென்றுவரும் மலைநடையைச் சென்னைப் பயண முகவர்கள் பெரும்பாலும் சூரியோதயக் காட்சி என்ற ஒன்றைக் காட்டியே விற்கிறார்கள். நாங்களும் தியாகராய நகரில் உள்ள ஒரு முகவரிடம் அதற்காகவே பணம் கட்டினோம். நடையைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. முகவரைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

"சுலபமான ஏற்றம், சாதாரணச் செருப்பே போதும்" என்று அவர் கூறியிருந்தார். பாத்தூரின் உயரம் 1,717 மீட்டர். ஏரிக்கரையை ஒட்டிய கிராமத்திலிருந்து விடியலுக்கு முன் கும்மிருட்டில் கிளம்பி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். பாதையின் மேல்பகுதி முழுவதும் உதிரியான எரிமலைச் சரளை என்பதால், சாண் ஏறினால் முழம் சறுக்காவிட்டாலும் அரைச்சாணாவது நிச்சயம் சறுக்கும். அடிப்பாகத்தில் நல்ல பிடிமானமுள்ள காலணியும், சென்னைவாசிகள் பெட்டியில் வைக்க மறந்துவிடும் கனமான மேற்சட்டையும் கட்டாயம் தேவை. விமான நிலையத்தில் செலுத்தும் 500,000 ரூபியா விசாக் கட்டணமும், 2024 பிப்ரவரி முதல் பாலி அரசு வசூலிக்கும் 150,000 ரூபியா சுற்றுலா வரியும் அவர் தந்த செலவுக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

அடிவாரத்தில் எங்களுடன் சேர்ந்த உள்ளூர் வழிகாட்டி இளைஞர் இந்தக் குறைகளையெல்லாம் ஈடுகட்டிவிட்டார். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் பாத்தூரில் ஏறுவதற்கு நடைமுறையில் இடமில்லை. அதைக் கட்டாய வசூல் என்று குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கருத்து இல்லை. குழுவில் மிக மெதுவாக நடந்தவரை அவர் தமக்கு அடுத்தபடியாக வரச் செய்து, அவருடைய மூச்சுக்கேற்ற வேகத்தில் எல்லோரையும் அழைத்துச் சென்றார். முந்திக்கொண்டு விரைந்த வேறு குழுவினர் சிலர் பாதி வழியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை புரிந்தது.

உச்சியில் கூட்டம் அதிகம். சூரியோதயம் எதிர்பார்த்தபடியே அழகாக இருந்தது. தின்பண்டப் பைகளைக் குறிவைத்துக் குரங்குகளும் சுற்றி வருகின்றன. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கீழே விரியும் நில அமைப்புத்தான் அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது. நாம் நிற்கும் மலையே ஒரு மாபெரும் குழிக்குள் பிற்காலத்தில் முளைத்த கூம்பு. பெருவெடிப்புகளில் நிலத்தடிப் பாறைக்குழம்பு வெளியேறிவிட, தாங்குவதற்கு ஒன்றுமின்றி மேற்புறம் உள்ளே சரிந்ததால் உண்டான அந்தக் கால்டெரா ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன்பும் 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் என இரண்டு கட்டங்களில் அது சரிந்தது. அதன் ஒரு பக்கத்தில் பிறை வடிவில் ஏரி கிடக்கிறது. தென்கிழக்கே அகுங் எரிமலை தெரிகிறது. பாறை இடுக்குகளிலிருந்து கிளம்பும் நீராவியில் வழிகாட்டிகள் முட்டையும் வாழைப்பழமும் அவித்துத் தருகிறார்கள். சைவர்களுக்கு ரொட்டியுடன் அந்த வாழைப்பழம்தான் காலை உணவு. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான குழுக்கள் இதோடு ஏறிய வழியிலேயே இறங்கிவிடுகின்றன. கூடுதல் கட்டணம் கொடுத்து, 1963-இல் பாய்ந்த லாவா உறைந்து கிடக்கும் கரும்பரப்பின் வழியாக நாங்கள் இறங்கினோம். இந்த நீண்ட வழி இல்லாவிட்டால் பாத்தூருக்குப் போவதில் பாதிப் பயன்கூட இல்லை என்பேன். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் நம் காலடியில் கிடக்கும் சார்னோகைட் என்னும் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானது; இங்கே நடப்பதோ என் தந்தையைவிட வயதில் இளைய பாறையின் மீது. கையிலெடுத்த கல்லில் வாயுக்குமிழிகள் வெளியேறிய துளைகள் ஆப்பத்தின் நடுப்பகுதிபோல நெருக்கமாக இருந்தன. அளவுக்குப் பொருந்தாத அளவு லேசாகவும் இருந்தது. அதன் விளிம்பு தோலைக் கீறும் அளவுக்குக் கூர்மையானது என்பதால், சறுக்கினால் பாறையைப் பிடிக்காமல் உட்கார்ந்துவிடும்படி வழிகாட்டி முன்பே எச்சரித்திருந்தார்.

அந்தக் கரும்பரப்பில் நின்றுதான் அவர் 1926 வெடிப்பைப் பற்றிச் சொன்னார். பாத்தூர் கிராமத்தையும் அதன் கோயிலையும் லாவா மூடிவிட, ஏரித்தெய்வமான தேவி டானுவின் சன்னதி மட்டும் எஞ்சியது. மக்கள் ஊரையும் கோயிலையும் கால்டெராவின் மேல்விளிம்புக்கே மாற்றிக்கொண்டார்கள். கடைசியாக இம்மலை குமுறியது 2000-இல். அப்படியிருந்தும் கீழே ஏரிக்கரையில் வெங்காயமும் தக்காளியும் செழித்துக் கிடக்கின்றன. எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணை விட்டுப்போக யாருக்கும் மனமில்லை என்றார் அவர்.

பதிவு செய்யும்போதே லாவாப் பரப்பு வழியாக இறங்கும் நீண்ட நடை வேண்டும் என்று எழுத்துமூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் போய்ப் பேசினால் வண்டி நேரத்தைக் காரணம் காட்டி மறுத்துவிடுகிறார்கள். மழையில் சரளை வழுக்கும் என்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்கள் ஏற்றவை. மூட்டுவலியுள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் உச்சி ஏற்றத்தை விட்டுவிட்டு, விளிம்பிலிருந்து சூரியோதயம் காட்டிய பின் லாவாப் பரப்புக்கே கொண்டுவிடும் ஜீப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.