உலோகக்கலவை எரிபொருளைக் கரைக்க நைட்ரிக் மட்டும் போதுமா?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்ய, முதலில் அதை அமிலத்தில் கரைக்க வேண்டும். தனி யுரேனிய உலோகம் என்றால் பிரச்சினையே இல்லை. சூடான நைட்ரிக் அமிலத்தில் கரையும், கரைசல் நேராக ப்யூரெக்ஸ் பிரிப்புக்கு, அதாவது யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுக்கும் கட்டத்துக்குப் போகும். தலைவலி எல்லாம் யுரேனியத்தோடு சேர்ந்திருக்கும் உலோகத்தால்தான்.

சிர்கோனியம்தான் இதில் மோசம். நைட்ரிக் அமிலம் அதைத் தொடுவதே இல்லை. யுரேனியம் கரைந்து போனபின், சிர்கோனியம் மிகுந்த நுண்துகள் கசடு அடியில் தங்கும். சில கலவைகளில் அது வெடிக்கவும் கூடும். ஆக நைட்ரிக் மட்டும் என்பது இங்கே சிக்கனம் அல்ல, ஆபத்து.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்தால் சிர்கோனியமும் கசடும் கரைந்துவிடும். ஆனால் கலனின் துருப்பிடிக்காத எஃகையும் அது அரிக்கும். அதை அடக்க அலுமினியம் நைட்ரேட் போட வேண்டும். அலுமினிய அயனி புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரி, கலன் தப்பியது, கழிவில் உப்பு ஏறியது. அமெரிக்காவின் ஐடஹோ மறுசெயலாக்க ஆலையில் இப்படிப்பட்ட கழிவைச் சுட்டுத் துகளாக்கினார்கள். புளோரைடு ஆவியாகிக் கிளம்பிவிடாமலிருக்க அங்கே கால்சியம் நைட்ரேட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. அமிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிவின் கணக்கையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வெட்டிப்போட்டு நைட்ரிக்கில் ஊறவைக்கும் முறை, சிர்கலாய் (சிர்கோனியக் கலவை) குழாயில் அடைத்த ஆக்சைடு எரிபொருளுக்கு அருமை. ஆக்சைடு கரையும், குழாய்த் துண்டுகள் அப்படியே கிடக்கும். சிர்கோனியம் எரிபொருளுக்குள்ளேயே கலந்திருந்தால் இதனால் பயனில்லை.

மாலிப்டினம் வேறு ரகம். நைட்ரிக்கில் கரையும், ஆனால் கொஞ்ச நேரத்தில் வெள்ளை வீழ்படிவாக வெளியே வரும். இரும்பு நைட்ரேட் சேர்த்தால் கரைசலிலேயே நிற்கும். கழிவைக் கடைசியில் கண்ணாடியோடு உருக்கி உறைய வைப்பார்கள்; அந்த இரும்பும் அதற்குள் போகும். மாலிப்டினத்தையே கண்ணாடி அதிகம் ஏற்காது என்பது தனிக்கதை.

அலுமினியக் கலவைக்கு நைட்ரிக்கில் பாதரச வினையூக்கி போதும், கழிவில் பாதரசம் வரும். எரிபொருளைச் சுற்றியுள்ள உறை துருப்பிடிக்காத எஃகு என்றால் மின்னாற்பகுப்பு. மின்சாரமே எஃகை நைட்ரிக்கில் கரைய வைக்கும், புளோரைடு வேண்டாம்.

என் ஓட்டு: யுரேனியம்-சிர்கோனியத்துக்கு ஹைட்ரோபுளோரிக் கலந்த நைட்ரிக், கலன் செலவையும் உப்புக் கழிவையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு. எஃகு உறையென்றால் மின்னாற்பகுப்பு. மாலிப்டினத்துக்கு இரும்பு சேர்த்த நைட்ரிக், ஆனால் கண்ணாடி உருக்குபவரிடம் கேட்டுவிட்டு.