காதுமூடியா, கனப் போர்வையா?

ஆட்டிசம் உள்ள குழந்தை உணர்ச்சி கட்டுமீறிக் கத்தி அழும் நிலைக்கு (மெல்ட்டவுன்) இவை இரண்டையும்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். ஆனால் இரண்டின் வேலையும் வேறு.

காதுமூடி (ஹெட்போன் போலத் தலையில் மாட்டுவது) வருமுன் காப்பது. நல்லதாக இருந்தால் சத்தத்தை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். கூட்டத்துக்குள் நுழையும் முன்பே மாட்டிவிட வேண்டும். கத்தத் தொடங்கிய பிறகு தலையில் எதையாவது மாட்டப் போனால், அந்தத் தொடுதலே எரிகிற தீயில் எண்ணெய். அதனால் வீட்டில் அமைதியான நேரத்தில் ஓரிரு நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். நாள் முழுக்க மாட்டி வைத்தால் காது அமைதிக்கே பழகி, சாதாரணச் சத்தமும் பிறகு உறைக்கலாம்.

கனப் போர்வை (உள்ளே எடை வைத்துத் தைத்தது) பெரும்பாலும் பிந்தைய நேரத்துக்கு: அழுகை தணிந்து, உடம்பு இன்னும் நடுங்கும்போது. போர்வையின் எடை குழந்தையின் உடல் எடையில் சுமார் 10 சதவீதம், அதாவது 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. முகம் மூடக் கூடாது. தானாக விலக்கத் தெரியாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்; வலிப்போ மூச்சுக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அழுகையின் உச்சத்தில் போர்த்தி அமுக்குவது ஆறுதல் அல்ல, கட்டிப்போடுவது. தூக்கத்துக்கு என்றும் விற்கிறார்கள்; 2014இல் வெளியான ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை, குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் குழந்தையைக் கவனியுங்கள். தீ அலாரம், கை உலர்த்தி என்றாலே காதைப் பொத்துகிறதா? காதுமூடி. தானாகவே சோபா மெத்தைக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொள்கிறதா? போர்வை.