மெரினோ என்ற பெயரில் அக்ரிலிக்: உதகையில் கம்பளி நூல் வாங்குவோர் கவனத்திற்கு

உதகையில் அண்மையில் திறக்கப்பட்ட ஒரு கம்பளி நூல் கடையில், நூறு சதவீத மெரினோ, அதாவது மென்மைக்குப் பெயர்பெற்ற மெரினோ ஆட்டின் கம்பளி, என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட நூல் முழுக்க அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதே கடையில் நீலகிரி ஆட்டுக் கம்பளி என்று சொல்லித் தந்த சீவிய கம்பளிக்கும் நீலகிரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கையால் நூற்பவர்களும் பின்னுபவர்களும் குளிர்காலத்துக்கு முன் நூல் வாங்கிச் சேர்க்கும் நேரம் இது என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

மலையில் நல்ல கம்பளி நூலுக்கென்று ஒரு கடை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். சமவெளியிலிருந்து வரவழைக்கும் நூலைக் கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டியிருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களின் நீண்ட நாள் குறை. கடை அழகாகவே இருந்தது. மர அடுக்குகளில் நிறவாரியாகச் சிட்டங்கள், அதாவது சுற்றிக் கட்டிய நூல்கட்டுகள், தொங்கின. ஒவ்வொன்றிலும் கடையின் பெயரும், ‘100% மெரினோ, 100 கிராம்’ என்ற வரியும் அச்சிட்ட அட்டை. அம்மாவுக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்காகக் கருநீலத்தில் ஆறு சிட்டங்களும், தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்பதற்காக அரைக் கிலோ சீவிய கம்பளியும் வாங்கினேன். சிட்டம் ஒன்று 850 ரூபாய். அக்ரிலிக்கின் விலையைப் போலப் பல மடங்கு. மெரினோவுக்கு அது நியாயமான விலைதான் என்பதால் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

எந்தப் புது நூலிலும் முதலில் ஒரு சதுரம் பின்னி, நனைத்து, ஊசி குத்திக் காயவைத்த பிறகே வேலையைத் தொடங்குவது என் வழக்கம். நான்கு மில்லிமீட்டர் ஊசியில் பின்னிய அந்தச் சதுரம், காயவைக்கக் குத்திய ஊசிகளை எடுத்ததும் பழைய அளவுக்கே சுருங்கிக்கொண்டது. நனைத்து நீட்டி உலர்த்திய கம்பளி, கொடுத்த வடிவத்தில் நிற்கும், இது நிற்கவில்லை. அதைத் தொட்டபோது இருந்த வழுவழுப்பும், கண்ணிகளுக்கிடையே கிரீச்சிட்ட ஓசையும் சந்தேகத்தை உறுதி செய்தன. இரும்புத் தட்டின் மேல் ஒரு துண்டு இழையை இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினேன். சுடரிலிருந்து சுருங்கி விலகி, உருகி, கரும்புகையோடு எரிந்து, கறுத்த கடினமான மணி ஒன்றை விட்டுச் சென்றது. அதை விரலால் நசுக்க முடியவில்லை. கம்பளி என்றால் மெதுவாகப் பற்றி, முடி கருகும் நாற்றத்தோடு, சுடரை எடுத்ததும் தானே அணைந்து, கையில் பொடியாகும் சாம்பலைத் தந்திருக்கும்.

பிறகு அட்டையைக் கவனமாகப் பிரித்தபோதுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. கடையின் அட்டை, ஆலையின் மூலச் சுற்றுப்பட்டைக்கு மேல் ஒட்டப்பட்டிருந்தது. அடியில் லூதியானா முகவரியும் ‘அக்ரிலிக்’ என்ற சொல்லும் தெளிவாக இருந்தன. ஒரே தொகுதியாகச் சாயமேற்றிய நூலைக் குறிக்கும் லாட் எண், ஆறு சிட்டங்களில் இரண்டில் மற்ற நான்கிலிருந்து வேறுபட்டது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நீலத்தில் வேறுபாடு தெரிகிறது. எடையும் சரியில்லை: நூறு கிராம் என்று போட்டிருந்த சிட்டங்கள் 84 முதல் 87 கிராம் வரைதான் இருந்தன.

சிட்டங்களோடும் ரசீதோடும் திரும்பச் சென்றபோது உரிமையாளர் இரண்டு விளக்கங்களைத் தந்தார். “மேடம், இது மெஷின்ல துவைக்கிற சூப்பர்வாஷ் மெரினோ, பழைய கம்பளி மாதிரி இருக்காது” என்பது முதலாவது. சூப்பர்வாஷ் நூல் சிக்குப்பிடித்துக் கெட்டியாகாது என்பது உண்மைதான், ஆனால் அதுவும் கம்பளியே. எரித்தால் முடி நாற்றம்தான் வரும், உருகி மணியாகாது. “மலை ஈரம் காய்ஞ்சு எடை குறைஞ்சிருக்கு” என்பது இரண்டாவது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் வரை ஈரத்தை ஏற்கக்கூடியது என்பதால் இது கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் இந்த நூல் அக்ரிலிக். அது ஏற்கும் ஈரம் இரண்டு சதவீதத்தை ஒட்டியது. காய்ந்து பதினாறு கிராம் குறைய அதில் வழியே இல்லை.

எனக்கு அதிக வருத்தம் தந்தது அந்தச் சீவிய கம்பளிதான். நீலகிரி ஆடு என்பது 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவான, எண்ணிக்கையில் அருகிப்போன இனம். உதகைக்குப் பக்கத்திலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அது பேணப்படுகிறது. அதன் கம்பளியை நூற்க வேண்டும் என்பது என்னைப் போன்ற பலரின் ஆசை. அந்த ஆசையைத்தான் இக்கடை விலையாக்குகிறது. நான் வாங்கிய கட்டில், நீண்ட இழைகளுக்கு நடுவே விறைப்பான, பளபளப்பற்ற, சாயம் ஏறாத வெள்ளை முரட்டு முடிகளும், இரண்டாம் முறை கத்தரி பட்டதால் உண்டான குட்டைத் துண்டுகளும் நிறைந்திருந்தன. தக்ளி சுழலச் சுழல இழை விரலிடையே முடிச்சு முடிச்சாக இறங்கியது. முறுக்கேறும் முன்னே அறுந்தது. கடையின் பின்பக்கம் நின்றபோது, அதே கம்பளி வழியும் சாக்கில் பிகானேர் என்று அச்சிட்டிருந்ததை நானே பார்த்தேன். பிகானேர்க் கம்பளியில் பெரும்பகுதி தரைவிரிப்புக்கு ஏற்றது. அந்த வேலைக்கு அது நல்ல பொருள். நீலகிரி என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

ரசீதில் ‘நூல்’ என்று மட்டும் எழுதி, கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று முத்திரையிட்டிருந்தார்கள். பணம் தர முடியாது என்று மறுத்ததற்கு இதையே காட்டினார்கள். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அந்த முத்திரை சட்டத்தை மாற்றிவிடாது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளும், மூல அறிவிப்பை மாற்றும்படி மேலே ஒட்டுத்தாள் ஒட்டுவதை அனுமதிப்பதில்லை; விலையைக் குறைத்துக் காட்ட மட்டும், அதுவும் பழைய விலையை மறைக்காமல், ஒட்டலாம்.

அங்கே போக நேர்ந்தால், சிட்டத்தின் அட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாச் சிட்டங்களின் லாட் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். கண் முன்னே எடை போடச் சொல்லுங்கள். ரசீதில் ‘மெரினோ’ என்ற சொல்லை எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கலப்பு நூலோ என்று ஐயம் வந்தால், குளோரின் பிளீச்சில் ஒரு துண்டு இழையைச் சில மணி நேரம் ஊறவிடலாம்: கம்பளி கரைந்துவிடும், அக்ரிலிக் அப்படியே மிஞ்சும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளீச்சோடு வேறெதையும் கலக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். கடைக்காரரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தரப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. இதே கடையில் வாங்கியவர்கள் ரசீதையும், மேலட்டையையும், அடியில் உள்ள பட்டையையும் கிழிக்காமல் பத்திரப்படுத்தி என்னைத் தொடர்பு கொண்டால், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.