ஹாபிட் படப் பெட்டி வாங்குமுன் இதைப் படியுங்கள்

விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஹாபிட் படங்கள் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறீர்களா? அதிலும், புத்தகத்தைப் படித்துக் காட்டிய கையோடு படத்தைப் போடப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தப் படங்களிடம் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். முதல் முறை 2012 முதல் 2014 வரை, மூன்று டிசம்பர்களில் மூன்று டிக்கெட். இரண்டாம் முறை போன மே மாதம், என் மகளோடு. முதலாவதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இரண்டாவதை மறக்க முடியவில்லை.

அவளுக்கு எட்டு வயது. ஏப்ரலில் டோல்கீன் எழுதிய ஹாபிட் புத்தகத்தை எடுத்து, தினமும் தூங்கும் முன் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மொத்தம் 19 அத்தியாயம், முந்நூறு பக்கம் போல. மூன்றரை வாரத்தில் முடித்தோம். பில்போ என்ற ஹாபிட், அதாவது குள்ளர்களைவிடவும் சின்ன ஒரு ஆள், தோரின் முதலான பதின்மூன்று குள்ளர்களோடும் கண்டால்ஃப் என்ற மந்திரவாதியோடும், ஸ்மாக் என்ற டிராகன் பறித்துவைத்திருக்கும் புதையலை மீட்கப் போகிறான். இது குழந்தைகளுக்காகவே எழுதிய கதை. 1937இல் வெளிவருவதற்கு முன்பு லண்டன் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் தந்து, கருத்துச் சொல்லச் சொன்னார். ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று அந்தப் பையன் எழுதிக் கொடுத்தான். புத்தகம் அச்சேறியது. என் மகளின் வயதும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. பில்போ அவளுக்கு அவ்வளவு நெருக்கமாகிவிட்டான். சின்ன உருவம், வீட்டு நினைப்பு, பயந்த சுபாவம், ஆனால் நெருக்கடி வந்தால் யோசித்து ஏதாவது செய்துவிடுவான். "அவன் என்ன மாதிரிதாம்மா" என்று ஒரு நாள் சொன்னாள்.

அவள் பிறந்தநாளுக்கு மூன்று படமும் அடங்கிய ப்ளூரே பெட்டி ஒன்றை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே மாதிரி விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "குழந்தைகள் ரசிக்கும் சாகசக் கதை, மூன்று பாகங்களும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. இது திரையரங்கில் வந்த படம் அல்ல, பின்னால் காட்சிகளைச் சேர்த்து இன்னும் நீட்டிய பதிப்பு என்பது எங்கேயும் இல்லை. எத்தனை மணி நேரம் ஓடும் என்பதும் இல்லை. முக்கியமாக, நீட்டிய பதிப்பின் மூன்றாம் பாகத்துக்கு அமெரிக்காவில் வன்முறைக்காக 'ஆர்' சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பார்த்த பிறகு எழுதிக் கேட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அது விற்றவரின் தவறு. ஆனால் படத்திலேயே இருக்கும் கோளாறு வேறு, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நீளத்தைப் பாருங்கள். திரையரங்கில் வந்த மூன்று படங்களும் 169, 161, 144 நிமிடங்கள். கூட்டினால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம் குறைவு. நீட்டிய பதிப்பு மூன்றும் சேர்ந்து 532 நிமிடம், ஒன்பது மணி நேரத்தைத் தொடுகிறது. இந்தப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கும் ஒலிநூலே பதினொரு மணி நேரம் போலத்தான் வரும். இதே இயக்குநர் பீட்டர் ஜாக்சன், இதே எழுத்தாளரின் பெரிய நாவலான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஐ, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போவதை, முன்பு மூன்று படமாகத்தான் எடுத்திருந்தார். முந்நூறு பக்கத்துக்கும் மூன்று படம், ஆயிரம் பக்கத்துக்கும் மூன்று படம்.

இவ்வளவு நேரம் கிடைத்தால் புத்தகம் முழுக்க நிதானமாகத் திரையில் வந்திருக்கும் என்றுதானே தோன்றும்? நானும் அப்படித்தான் நம்பினேன். நடந்தது தலைகீழ். நீளம் கூடியிருக்கிறது, பில்போ குறைந்துவிட்டான். கூட்டிய காட்சி ஒவ்வொன்றும் அவன் செய்த ஏதோ ஒரு காரியத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறது.

சிலந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருண்ட காட்டுக்குள் தோரினைத் தவிர மற்றப் பன்னிரண்டு குள்ளர்களையும் பெரிய சிலந்திகள் வலையில் சுற்றித் தொங்கவிட்டிருக்கும். கண்டால்ஃப் கூட இல்லை. பில்போ தனியாக இருக்கிறான். முதலில் ஒரு சிலந்தியைக் கொன்று, தன் வாளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறான். பிறகு, போட்டால் ஆளை மறைக்கும் தன் மோதிரத்தைப் போட்டு மறைந்துகொண்டு, கல்லெறிந்து, கேலிப் பாட்டுப் பாடிச் சிலந்திகளுக்குக் கோபமூட்டி, அவற்றைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து நண்பர்களை அவிழ்த்து விடுகிறான். என் மகள் அந்தப் பாட்டுக்குத் தானாகவே ஒரு மெட்டுப் போட்டு இரண்டு நாள் பாடிக்கொண்டிருந்தாள். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. அவன் பாதிக் காரியம் செய்ததும் எல்ஃப் என்ற காட்டு இனத்து வீரர்கள் மரங்களிலிருந்து பாய்ந்து வந்து மீதிச் சிலந்திகளை வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். அப்படி வரும் லெகோலாஸ் இந்தப் புத்தகத்திலேயே கிடையாது. எல்ஃப் வீராங்கனை டாரியலும் கிடையாது.

டாரியலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெண் பாத்திரமே இல்லாத கதைக்குள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பெண் குழந்தையோடு பார்க்கும் எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் கொண்டுவந்து என்ன செய்தார்கள்? அவளை ஒரு குள்ளனுக்கும் லெகோலாசுக்கும் நடுவில் நிறுத்தி ஒரு முக்கோணக் காதல். காதல் முக்கோணம் வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டுதான் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும், பிறகு கூடுதல் படப்பிடிப்பில் அது சேர்ந்துவிட்டதாகவும் நடித்த எவாஞ்சலின் லில்லியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பீப்பாய்கள். எல்ஃப் அரசனின் சிறையிலிருந்து தப்பிக்க, பில்போ நாள்கணக்கில் மறைந்து திரிந்து, வழி கண்டுபிடித்து, காவலன் குடித்துத் தூங்கும் நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, ஒவ்வொரு குள்ளனையும் வைக்கோல் திணித்துப் பீப்பாய்க்குள் அடைத்து மூடியும் போட்டு அனுப்புவான். எல்லாரையும் அடைத்து முடித்த பிறகுதான் தனக்கு ஒரு பீப்பாய் இல்லை என்பது தெரியும். வெளியே தொற்றிக்கொண்டு குளிர்ந்த ஆற்றில் நனைந்தே போய்ச் சேருவான், பிறகு ஏரி நகரத்தில் ஜலதோஷத்தோடு தும்மிக்கொண்டு கிடப்பான். என் மகள் அதிகம் சிரித்த இடம் இதுதான். மூக்கடைத்த குரலில் பில்போ நன்றி சொல்வதை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். படத்தில் மூடி இல்லாத பீப்பாய்களில் குள்ளர்கள் சண்டை போட்டுக்கொண்டே போகிறார்கள். இரு கரையிலும் ஓர்க்குகள் என்ற கொடிய அரக்கர்கள் துரத்துகின்றன, எல்ஃப்கள் அம்பு விடுகிறார்கள், ஒரு குண்டுக் குள்ளன் பீப்பாயோடு கரையில் உருண்டே பத்துப் பேரைச் சாய்க்கிறான். பில்போ போட்ட திட்டம் அந்த இரைச்சலில் காணாமல் போகிறது.

எனக்கு அதிகம் வலித்தது டிராகன் சாவு. புத்தகத்தில் இதை எவ்வளவு அழகாகக் கோத்திருக்கிறார் ஆசிரியர்! ஸ்மாக்கோடு பேசிக்கொண்டிருக்கும்போது அதன் இடப்பக்க மார்பில் கவசமில்லாத ஓர் இடத்தைப் பில்போ கவனித்துவிடுகிறான். வெளியே வந்து நண்பர்களிடம் சொல்வதை ஒரு கிழட்டுப் பறவை கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பறவை பறந்துபோய் ஏரி நகரத்து வில்லாளி பார்டின் காதில் சொல்கிறது. அப்பாவிடமிருந்து வந்த கடைசி கறுப்பு அம்பை அவன் சரியாக அந்த இடத்தில் விடுகிறான். வாளெடுத்துச் சண்டை போடாத ஒரு சின்ன ஆள் கண்ணைத் திறந்து கவனித்ததால்தான் டிராகன் செத்தது. படத்தில் பறவை சேதி சொல்வதே இல்லை. அந்த இடைவெளியை பார்ட் தானாகவே பார்த்துவிடுகிறான். பில்போவுக்கும் டிராகனின் சாவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. அந்தச் சில வினாடிகளுக்கு எட்டு மணி நேரத்தில் இடம் இல்லை. ஆனால் குள்ளர்கள் மலைக்குள் ஸ்மாக்கோடு ஓடிப்பிடித்து விளையாடி, தங்கத்தை உருக்கி ஒரு பெரிய சிலையாக வார்த்து அதன் மேல் ஊற்றும் நீண்ட காட்சிக்கு இடம் இருக்கிறது. புத்தகத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது.

2013 டிசம்பரில் ஸ்மாக் ஏரி நகரத்தை நோக்கிப் பறக்கும்போது திரையை இருட்டாக்கி அனுப்பிவைத்தார்கள். ஒரு வருடம் காத்திருந்து அடுத்த டிக்கெட் வாங்கினேன். மூன்றாம் படத்தின் தலைப்பு வருவதற்கு முன்பே டிராகன் செத்துவிட்டது. அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது? போர். போர். போர்.

புத்தகத்தில் புதையலுக்காக மூளும் அந்தப் போர் ஒரே அத்தியாயம், அதிலும் சில பக்கம். நடுவில் ஒரு கல் தலையில் விழுந்து பில்போ மயங்கிவிடுவான். கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இதை எழுதியவர் 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இருந்தவர். போர் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழந்தைகள் கதையில் அதை எவ்வளவு காட்ட வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறார். படத்தில் அது முக்கால் மணி நேரம் போல ஓடுகிறது. நீட்டிய பதிப்பில் கத்தி சுழலும் தேர் ஒன்று வரிசையாக ராட்சதர்களின் தலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பில்போ எங்கேம்மா? அவன் கதைதானே இது?" என்று கேட்டாள். நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்தபோது இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மேல் எனக்குக் கோபம் குறைந்துதான் போனது. முதலில் இதை இயக்க வேண்டியவர் வேறொருவர், அவர் 2010இல் விலகிவிட்டார். தயாராவதற்குப் போதுமான நேரம் இல்லாமல் ஜாக்சன் பொறுப்பேற்றார். பல காட்சிகளை முழுத் திட்டமில்லாமலே எடுக்க வேண்டியிருந்தது என்பதை மூன்றாம் படத்தின் வட்டோடு வந்த ஆவணப்படத்தில் அவரே மறைக்காமல் பேசுகிறார். அதில் அவர் முகத்தில் தெரியும் அலுப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கும். திட்டமும் இரண்டு படத்துக்குத்தான். படப்பிடிப்பு முடிந்த அதே 2012 ஜூலையின் கடைசியில், முதல் படம் வெளிவர ஐந்து மாதம்கூட இல்லாத நேரத்தில், மூன்றாவது ஒன்றும் வரும் என்று அறிவித்தார்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 290 கோடி டாலர் வசூலித்தன. இரண்டாக எடுக்க நினைத்ததை மூன்றாக வெட்டும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவும் ஒரு பெரிய சண்டையும் வேண்டியிருக்கிறது. அதை நிரப்பத்தான் புத்தகத்தில் எப்போதோ செத்துப்போன அசோக் என்ற ஓர்க் தலைவனை உயிரோடு கொண்டுவந்து மூன்று படமும் துரத்தவிட்டிருக்கிறார்கள்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் படத்தில் குகைக்குள் பில்போவும் கோல்லம் என்ற குகைவாசியும் புதிர் போடும் காட்சி அருமை. மார்ட்டின் ஃப்ரீமன் பில்போவாகவே தெரிகிறார். அங்கே யாரும் ஓடவில்லை, பாயவில்லை. இருட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், உயிர் பணயம். என் மகள் மூச்சு விடாமல் பார்த்தாள். புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்கு அதற்குரிய நேரத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தக் காட்சி சாட்சி. தோரின் சாகும்போது பில்போ பக்கத்தில் இருக்கும் இடமும் மனதைத் தொட்டது.

அதனால், வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். எந்தப் பதிப்பு என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஓடும் நேரத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும்: மூன்றாம் படம் 164 நிமிடம் என்றால் அது நீட்டியது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். 144 நிமிடப் பதிப்பிலும் போர் உண்டு, முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். கரடியாக மாறக்கூடிய பியோர்ன் மொத்தக் கூட்டத்தையும் கண்டு விரட்டிவிடாமல் இருக்க, அவன் வீட்டுக்குக் குள்ளர்கள் இரண்டிரண்டு பேராக வந்து சேரும் அத்தியாயம் பிடித்த பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திரையரங்கில் வந்த பதிப்பில் அது இல்லை. நீட்டிய பதிப்பில் கொஞ்சம் வருகிறது, ஆனால் முதல் நாள் இரவே எல்லோரும் அவன் வீட்டுக்குள் ஓடி ஒளிந்த பிறகு வருவதால் அந்தத் தந்திரத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. முடிந்தால் முதல் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது புத்தகத்தின் முதல் ஆறு அத்தியாயத்தை ஒட்டியே போகிறது, கழுகுகள் காப்பாற்றும் இடத்தில் முடிகிறது.

நாங்கள் மூன்றாம் படத்தை முடிக்கவே இல்லை. அன்றிரவு புத்தகத்தை மறுபடி எடுத்து, கல் விழுந்து பில்போ மயங்கும் பக்கத்திலிருந்து அவன் வீடு திரும்பும் வரை ஒரே மூச்சில் படித்தேன். வீட்டுக்கு வந்தால் அவன் செத்துவிட்டதாக நினைத்து ஊரார் அவன் சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அங்கே அவளுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. இரண்டாவது, மூன்றாவது வட்டுகளைப் பரண் மேல் போட்டுவிட்டேன். முதல் வட்டு மட்டும் கீழே இருக்கிறது, புதிர்க் காட்சியை அவள் அடிக்கடி கேட்கிறாள்.